இறாலுக்குப் பேறுகாலம்... எனக்குப் போதாத காலம்!

“இறாலா? எத்தனை கிலோடா?” என்றுதான் அம்மா கேட்டாள்.

“கிலோ இல்லம்மா. இருபது. வளர்க்கறதுக்கு!”

அம்மா என் நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள். காய்ச்சல் இல்லை.

விஷயம் இதுதான் ஸார். கல்யாணமான ஆறாவது மாசமே எங்கள் வீட்டு ஹாலில் எல்லைத் தகராறு. டி.வி. ரிமோட் அம்மாவுக்கா, மனைவிக்கா? ஆபீஸ் விட்டு வந்து, ஷூவைக் கழற்றக்கூட பயந்து வாசலிலேயே நிற்பேன். “ரெண்டு பேரும் சேர்ந்து வேடிக்கை பார்க்கிற மாதிரி ஏதாவது வாங்கி வைய்யா” என்று பக்கத்து ஸீட் நண்பர் ஐடியா கொடுத்தார். ஞாயிற்றுக்கிழமை கொளத்தூருக்கு வண்டியை விட்டேன். வண்ண மீனுக்குப் பேர்போன இடமாச்சே! ஒன்றரை அடி நீளத்தில் ஒரு கண்ணாடித் தொட்டி, கொஞ்சம் பாசி, ஒரு நத்தை, இருபது செர்ரி இறாலோடு திரும்பினேன்.

செர்ரி இறால் ஓர் அங்குலம் இருந்தால் பெரிசு. தைவான், சீனா பக்கத்து நல்ல தண்ணீர் ஓடைகளில் மங்கலான நிறத்தில் திரிந்த ஜாதி. சிவப்பாக இருப்பதையே பொறுக்கிப் பொறுக்கி இனம் சேர்த்து, இப்படிப் பழம் மாதிரி ஆக்கிவிட்டார்கள். நாள் பூராவும் இரண்டு கையாலும் பாசியை எடுத்து வாயில் போட்டுக்கொண்டே இருக்கும்.

நண்பரின் ஐடியா பலித்தது. ஒரே வாரத்தில் மாமியாரும் மருமகளும் தொட்டி முன்னால் ஜோடியாக ஆஜர்! அதில் ஒரு இறால் வயிற்றுக்கடியில் இருபது, முப்பது முட்டையைச் சுமந்துகொண்டு நின்றது. “புள்ளத்தாச்சிடி!” என்று அம்மா உருகிப்போய் ‘செவப்பி’ என்று பெயரும் வைத்தாள். முட்டை பொரிய மூன்று நாலு வாரம் ஆகும். குஞ்சு வெளியே வரும்போதே அம்மா ஜாடையில் முழு இறாலாக, எறும்பு சைஸில் இருக்கும்.

ஒரு ராத்திரி தண்ணீர் குடிக்க எழுந்து லைட்டைப் போட்டேன். தொட்டிக் கண்ணாடி பூராவும் வெள்ளையாக ஏதோ ஊர்ந்துகொண்டிருந்தது. காலையில் எண்ணிப் பார்த்தால் இருபது இறால், பதினாலு!

அவ்வளவுதான், போர் மூண்டது.

“ஏங்க, அத்தை வெத்தலை போட்ட கையைத் தொட்டியில விட்டிருப்பாங்க.”

“டேய், உன் பொண்டாட்டி சோப்புக் கையோட பாசியை அலசினாடா!”

நான் வீராவேசமாக பிளேடை எடுத்துக் கண்ணாடியில் இருந்த புழுக்களைச் சுரண்டித் தள்ளினேன். பத்து நாளில் முன்பைவிட அதிகம்! மறுபடி கொளத்தூர்.

கடைக்காரர் செல்போனில் நான் எடுத்த படத்தைப் பார்த்தார். “தலை அம்பு முனை மாதிரி முக்கோணமா, ரெண்டு கண்ணோட இருக்கா ஸார்? அப்ப பிளனேரியா. தட்டைப் புழு. வெள்ளை நூல் மாதிரி தண்ணியில நெளிஞ்சு நீந்தினா அது வேற. அது அழுக்கைத் தின்கிற சாதுப் பிராணி. இது சாது இல்ல. தோல் உரிச்சு அசந்து கிடக்கிற இறாலையும், குட்டிங்களையும் விடாது.”

பிளேடு சமாச்சாரத்தைச் சொன்னேன். தலையில் அடித்துக்கொண்டார்.

ரக்தபீஜன் கதை ஞாபகம் இருக்கிறதா? சிந்துகிற ஒவ்வொரு துளி ரத்தத்திலும் இன்னொரு அசுரன் முளைப்பானே, அந்த ஜாதி இது. இரண்டாக வெட்டினால், தலைப் பக்கம் வால் முளைக்கும், வால் பக்கம் தலை முளைக்கும். தாமஸ் ஹன்ட் மார்கன் என்ற அமெரிக்க விஞ்ஞானி 1898-ல் இந்தப் புழுவை நறுக்கு நறுக்கென்று நறுக்கிப் பார்த்தார். உடம்பில் 279-ல் ஒரு பங்கு துண்டுகூட முழுப் புழுவாக வளர்ந்ததாம்! (1933-ல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது வேறு வேலைக்கு, பழ ஈ ஆராய்ச்சிக்கு.) இதற்கு வாய் இருப்பது முகத்தில் இல்லை, வயிற்றில். பட்டினி போட்டாலும் சாகாது. உடம்பைச் சுருக்கிக்கொண்டு மாசக்கணக்கில் காத்திருக்கும். இன்க்ரிமென்ட்டுக்குக் காத்திருக்கிற நம்மைப் போல!

“மீன் மருந்து ஏதாவது ஊத்திடலாமா?” என்றேன்.

“ஐயோ! மயில்துத்தம் கலந்த மருந்து ஊத்தினா முதல்ல போறது இறாலுதான் ஸார். நாய்க்குக் குடுக்கிற பூச்சி மாத்திரை இருக்கு, ஃபென்பென்டஸோல். அதை வாங்குங்க.”

கால்நடை மருந்துக் கடையில் கேட்டேன்.

“நாய் எத்தனை கிலோ ஸார்?”

“நாய் இல்லீங்க... இறால்.”

“இறால் எத்தனை கிலோ?”

“பதினாலும் சேர்ந்தா... அஞ்சு கிராம் தேறும்.”

அவர் என் பின்னால் நின்றவரிடம், “நீங்க சொல்லுங்க ஸார்” என்றார். ஒருவழியாகக் கெஞ்சி 150 மில்லிகிராம் மாத்திரை வாங்கினேன்.

செவப்பிக்கு முட்டை பொரிய இன்னும் பத்துப் பன்னிரண்டு நாள்தான். அதற்குள் புழுக்கள் ஒழிய வேண்டும். இல்லாவிட்டால் குட்டிகள் மொத்தமும் பந்திக்குப் போய்விடும்.

முதல் வேலை, பொறி. மூடியில் இறால் நுழைய முடியாத சின்னத் துளைகள் போட்ட மருந்து பாட்டில். உள்ளே துளி பச்சைக் கோழிக்கறி. ராத்திரி இறக்கி, விடிந்ததும் எடுத்தால் உள்ளே நாற்பது ஆசாமிகள்! அடுத்து மருந்து. நத்தைக்கு இந்த மருந்து ஆகாது, மணலிலும் வெகுநாள் தங்கும் என்பதால், நத்தையை நிரந்தரமாக வேறு பாத்திரத்துக்கு மாற்றினேன். ஃபில்டரில் இருந்த கரிப் பையை எடுத்தேன். இருந்தால் மருந்தை அதுவே குடித்துவிடும். 40 லிட்டர் தண்ணீருக்கு 100 மில்லிகிராம் மருந்து. அதாவது மாத்திரையில் மூன்றில் இரண்டு பங்கு. பொடித்து, கரைத்து ஊற்றினேன். இரண்டு நாள் கழித்து அதில் பாதி. செத்த புழுக்கள் அழுகித் தண்ணீர் கெடாமல் இருக்க, கொஞ்சம் கொஞ்சமாகத் தண்ணீர் மாற்றம்.

இதையெல்லாம் பார்த்த அம்மா, பாக்கைக் கடித்தபடி சொன்னாள்: “பூச்சிக்கு நாலு கொட்டைப்பாக்கைப் போட்டாப் போதாதா?”

நான் சிரித்தேன். சிரித்திருக்கக் கூடாது. பாக்கில் இருக்கிற அரிகோலின் என்ற சரக்கை அந்தக் காலத்தில் நாய்களுக்குக் குடல் புழு மருந்தாகவே கொடுத்திருக்கிறார்கள். இந்தப் பிளனேரியாவுக்கென்றே பாக்குச் சாற்றில் செய்த மருந்தும் விற்கிறது! (அதற்காகப் பாக்கை இடித்துத் தொட்டியில் போட்டுவிடாதீர்கள் ஸார். அளவு தவறினால் ஆபத்து.)

நாலாம் நாள் கண்ணாடி சுத்தம். ஆனால் கடைக்காரர் கேட்ட ஒரு கேள்வி மட்டும் மனசைக் குடைந்துகொண்டே இருந்தது: “புழு எங்கேயோ செடியோட வந்திருக்கும், அது சகஜம். இத்தனை பெருகிச்சுன்னா அதுக்குச் சோறு போட்டது யாரு ஸார்?”

ராத்திரி சாப்பாட்டின்போது விசாரணைக் கமிஷன் வைத்தேன்.

“நான் காலையில ஒரு சிட்டிகை போடுவேங்க” என்றாள் மனைவி.

“மத்தியானம் நான் போடுவேன். புள்ளத்தாச்சி, பசிக்குமில்ல?” என்றாள் அம்மா.

நான்? ஆபீஸிலிருந்து வந்ததும், பாவம் என்று இரண்டு சிட்டிகை!

இரண்டு நாளைக்கு ஒரு தரம், கடுகளவு போட்டு, மிச்சத்தை இரண்டு மூன்று மணியில் எடுத்துவிட வேண்டிய சாப்பாடு அது. மூன்று பேரும் ஒருத்தருக்கொருத்தர் சொல்லாமல் காட்டின பாசம், அழுகிப் புழுவுக்கு விருந்தாகியிருக்கிறது. வெத்தலைக் கையுமில்லை, சோப்புக் கையுமில்லை. அம்மா கொஞ்சநேரம் பேசவில்லை. பிறகு மருமகள் தட்டில் இன்னொரு கரண்டி குழம்பை ஊற்றினாள். அவளும் வேண்டாமென்று சொல்லவில்லை.

இப்போது தொட்டியில் ஆபீஸ் மாதிரி ஒரு ரிஜிஸ்டர் தொங்குகிறது. தீனி போட்டவர் தேதி எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். அம்மா கறாராக ஆடிட் செய்கிறாள்.

ஒன்பதாம் நாள் காலை, ஷூவுக்குள் காலை விடும் நேரத்தில் உள்ளேயிருந்து இரண்டு குரலில் ஒரே கூச்சல். ஓடினேன். பாசி நுனியில் எறும்பு சைஸில் ஒன்று... இரண்டு... பத்துக்கு மேல் எண்ண முடியவில்லை. செவப்பி ஒன்றும் நடக்காத மாதிரி மேய்ந்துகொண்டிருந்தாள்.

ஆபீஸுக்கு ஒரு மணி நேரம் லேட். மேனேஜர் காரணம் கேட்டார்.

“வீட்டுல பிரசவம் ஸார்” என்றேன்.

“கங்கிராஜுலேஷன்ஸ்! என்ன குழந்தை?”

“இருபதுக்கு மேல இருக்கும் ஸார்... இன்னும் எண்ணி முடிக்கலை.”