விமானம் இறங்கிய பின் வெளியூர்ப் பேருந்து

வெளிநாட்டிலிருந்து வந்திறங்கும் பயணிகள் பலருக்கு, விமான நிலையம் அமைந்துள்ள நகரம் சேருமிடமன்று. டில்லியில் இறங்குவோருள் ஜலந்தருக்கும் லூதியானாவுக்கும் செல்வோர் உளர். பெங்களூரில் இறங்குவோருள் மைசூருக்கும் குடகுக்கும் செல்வோர் உளர். லண்டனிலிருந்து டில்லி வரை சுமார் 6,700 கிலோமீட்டரை ஏறக்குறைய ஒன்பது மணி நேரத்தில் கடந்தவர், ஜலந்தர் வரை எஞ்சியுள்ள 375 கிலோமீட்டருக்கு மேலும் ஓர் இரவையோ பகலையோ செலவிட நேர்கிறது. தொலைவு மட்டும் இதற்குக் காரணமன்று. இரு ஊர்திகளுக்கும் இடைப்பட்ட நேரத்துக்கு எவரும் பொறுப்பேற்பதில்லை என்பதே முதன்மையான காரணம்.

ஒரே பயணச்சீட்டில் ஒரு விமானத்திலிருந்து மற்றொன்றுக்கு மாறுபவர், முதல் விமானத்தின் தாமதத்தால் இரண்டாவதைத் தவறவிட்டால், அவரை அடுத்த விமானத்தில் அனுப்பிவைப்பது விமான நிறுவனத்தின் பொறுப்பு. பேருந்துச் சீட்டோ வேறு ஒப்பந்தம். விமானம் இரண்டு மணி நேரம் தாமதித்ததைப் பேருந்து நிறுவனம் அறியாது. அறிந்தாலும் காத்திருக்கக் கடமைப்பட்டதன்று. ஆகவே தாமதத்தின் இழப்பு முழுவதும் பயணியையே சாருகிறது. வாடகைக் கார் அமர்த்த வசதியுள்ளவருக்கு இது பெரிய தொல்லையன்று. வளைகுடா நாடுகளில் உழைத்து விடுமுறையில் ஊர் திரும்பும் தொழிலாளிக்கு நிலைமை வேறு.

நள்ளிரவு வருகை

நம் நாட்டுக்கு வரும் நெடுந்தூர விமானங்கள் பல நள்ளிரவை ஒட்டியே இறங்குகின்றன. இது தற்செயலன்று. ஐரோப்பிய விமான நிலையங்கள் சிலவற்றில் இரவுக் கட்டுப்பாடு உண்டு. பிராங்க்பர்ட்டில் இரவு 11 மணி முதல் காலை 5 மணி வரை அட்டவணை விமானங்களுக்கு 2011 முதல் தடை உள்ளது. அங்கிருந்து பகலில் புறப்படும் விமானம் நள்ளிரவில் டில்லியை அடைந்து, விடியுமுன் திரும்பப் புறப்பட்டால், அந்நாட்டின் காலை நேரத்தில் சென்று சேரும். விமான நிறுவனத்துக்கு உகந்த இந்த ஏற்பாடு, தரைப் போக்குவரத்து உறங்கும் வேளையில் பயணியைக் கொண்டுவந்து விடுகிறது.

டில்லியில் 2011 பிப்ரவரியில் தொடங்கிய விமான நிலைய விரைவு மெட்ரோ, மூன்றாம் முனையத்திலிருந்து சுமார் இருபது நிமிடத்தில் புது டில்லி நிலையத்தை அடைகிறது. அங்கு மஞ்சள் வழித்தடத்துக்கு மாறினால் மூன்றாவது நிறுத்தம் காஷ்மீரி கேட். மாநிலங்களுக்கிடையேயான பேருந்து நிலையம் அங்குதான் உள்ளது. பகலில் இது நல்ல வழி, மூட்டைகள் மிகுதியாக இல்லாதவரை. நள்ளிரவுக்குப் பின் விடியும் வரை மெட்ரோ ஓடுவதில்லை.

நகருக்குள் நுழையாமல் விமான நிலையத்திலிருந்தே புறப்படும் வெளியூர்ப் பேருந்தே இதற்கு நேரான தீர்வு. கர்நாடக மாநிலச் சாலைப் போக்குவரத்துக் கழகம் 2013இல் மைசூருக்குத் தொடங்கிய ‘பிளைபஸ்’ இவ்வகையினது. மெஜஸ்டிக் சென்று பேருந்து மாறும் தேவை இதனால் நீங்கியது. பஞ்சாப் அரசும் 2022 ஜூனில் டில்லி விமான நிலையத்துக்குத் தன் பேருந்துகளை மீண்டும் இயக்கத் தொடங்கியது. தனியார் கட்டணத்தில் பாதிக்கும் குறைவாகவே தன் கட்டணம் இருக்கும் என்று அப்போது அறிவித்தது. போட்டியற்ற வழித்தடத்தில் பயணி எவ்வளவு கூடுதலாகச் செலுத்தி வந்தார் என்பதை இந்த வேறுபாடு உணர்த்தும்.

இத்தகைய சேவை பல ஊர்களுக்குப் பரவாததற்குச் சட்டமும் ஒரு காரணம். 1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 88ஆம் பிரிவின்படி, ஒரு மாநிலத்தில் வழங்கிய அனுமதி பொதுவாக மற்ற மாநிலத்தின் மேலொப்பமின்றிச் செல்லாது. வழித்தடங்கள் மாநிலங்களுக்கிடையேயான உடன்பாட்டால் அமைகின்றன. பொருளாதாரக் காரணமும் உண்டு. வாகன நிறுத்தக் கட்டணம் போன்ற வருவாய்கள் விமான நிலையத்துக்கு முக்கியமானவை. 2016ஆம் ஆண்டு சிவில் விமானப் போக்குவரத்துக் கொள்கைப்படி, விமானம் சாரா வருவாயில் 30 விழுக்காடு மட்டுமே விமானக் கட்டணங்களைக் குறைக்கக் கணக்கில் கொள்ளப்படுகிறது. மீதி நிலையத்தை நடத்துபவருக்கே. நாற்பது பேரை ஒரே வண்டியில் ஏற்றிச் செல்லும் பேருந்து, நாற்பது கார்கள் தரும் கட்டணத்தைத் தராது.

தாமதத்தை யார் சுமப்பது?

ஓர் எடுத்துக்காட்டு. விமானம் இரவு 1 மணிக்கு இறங்க வேண்டும். குடியேற்றச் சோதனை, பெட்டி பெறுதல், சுங்கம் ஆகியவை முடிய முக்கால் மணியும் ஆகலாம், இரண்டரை மணியும் ஆகலாம். 3 மணிப் பேருந்தில் முன்பதிவு செய்வது துணிச்சல். எச்சரிக்கையுள்ளவர் 6 மணிப் பேருந்தைத் தேர்வார். விமானம் நேரத்துக்கு வந்தால் நான்கு மணி நேரம் வீணாகும். சீட்டு குறிப்பிட்ட வண்டிக்கன்றி அன்றைய எந்த வண்டிக்கும் செல்லுமாயின், மணிக்கொரு பேருந்து ஓடும் தடத்தில் காத்திருப்பு ஒரு மணியைத் தாண்டாது, இடம் இருக்கும்வரை.

இடம் இருக்குமா என்பதே கழகங்களின் தயக்கம். இது காப்பீட்டைப் போன்ற கணக்கு. தனியொருவரின் தாமதத்தை முன்னறிய இயலாது. ஆனால் ஓர் இரவில் வரும் பல விமானங்களில் சில முந்தும், சில பிந்தும். முந்தியவர் பிந்தியவரின் இருக்கையை நிரப்புவார். ஒவ்வொரு வண்டியிலும் சில இருக்கைகளைப் புறப்படும் வரை ஒதுக்கிவைத்தால் போதும். பயணி தனியே சுமக்கும் இழப்பைவிடக் கழகம் மொத்தமாகச் சுமக்கும் இழப்பு குறைவு. அச்செலவைச் சீட்டு விலையில் சிறிது கூட்டினாலும் பயணிக்கு ஆதாயமே. பிராங்க்பர்ட் நிலையத்தில் இதைவிட ஒருபடி மேலே சென்றுள்ளனர்: அங்கு சில ரயில்களுக்கு விமான எண் இட்டு, ஒரே பயணச்சீட்டில் சேர்த்துள்ளனர்.

அதுவரை செய்யத்தக்கவை பெருஞ்செலவு கோருபவையல்ல. வெளிநாட்டிலிருந்து வருபவரிடம் பெரும்பாலும் இயங்கும் இந்தியக் கைப்பேசி எண் இருப்பதில்லை. கைப்பேசிக்கு வரும் கடவுச்சொல்லின்றி இணையவழிச் சீட்டு எடுப்பது கடினம். வருகைக் கூடத்தில், இரவு 2 மணிக்கும் ஆளிருந்து ரொக்கம் பெற்றுச் சீட்டு வழங்கும் முகப்பும், அடுத்த பேருந்தின் நேரத்தைக் காட்டும் பலகையும் வேண்டும். பேருந்தில் முப்பது கிலோ பெட்டிகளை வைக்கத்தக்க அடியறையும், அதற்குரிய கட்டணம் அச்சிட்ட பட்டியலும் வேண்டும். அப்பட்டியல் இருந்தால் மூட்டைக் கூலி நடத்துநரின் மனப்போக்கைப் பொறுத்ததாக இராது.