மழைக்காலக் காய்ச்சலில் மறைந்திருக்கும் மெலியாய்டோசிஸ்

திருவனந்தபுரத்தில் மழை பிடித்துவிட்டால் காய்ச்சல் வார்டுகள் நிரம்பிவிடும். எலிக்காய்ச்சலா, டெங்குவா என்றுதான் முதலில் பார்ப்பார்கள், அதுதான் முறையும்கூட. ஆனால் அந்தக் கூட்டத்தில் அரிதாக மெலியாய்டோசிஸும் இருக்கலாம். சேற்றிலும் தேங்கிய நீரிலும் வாழும், இந்த நோயை உண்டாக்கும் பாக்டீரியா, காலில் பட்ட சிறு காயம் வழியாகவோ மூச்சு வழியாகவோ உடலுக்குள் நுழைகிறது. சர்க்கரை நோயாளிகளைத்தான் அதிகம் தாக்கும். கேரளத்தில் சர்க்கரை நோய் பரவலாக இருப்பதால் இதை அலட்சியப்படுத்த முடியாது.

ரங்கூனில் கிடைத்த புதுக் கிருமி

1911இல் ரங்கூனில் பிரேதப் பரிசோதனை செய்துவந்த ஆல்ஃபிரட் விட்மோரும் அவருடைய உதவியாளர் சி. எஸ். கிருஷ்ணசாமியும், இறந்தவர்களின் நுரையீரலில் வித்தியாசமான பாதிப்பைக் கண்டார்கள். அதிலிருந்து வளர்த்த கிருமி, குதிரைகளைத் தாக்கும் கிளாண்டர்ஸ் நோயின் கிருமியை ஒத்திருந்தது. ஆனால் இது நீந்திச் சென்றது, செழித்து வளர்ந்தது. இந்த வேறுபாடுகளை வைத்து இது வேறு கிருமி என்று 1912இல் எழுதினார்கள். அதுதான் மெலியாய்டோசிஸ் கிருமி. நோய்க்கு விட்மோர் பெயரும் ஒட்டிக்கொண்டது. கிருஷ்ணசாமி பெயரையும் நாம் சொல்லியாக வேண்டும்.

இனம் பிரிப்பது எப்படி?

பல ஆண்டுகள் சூடோமோனாஸ் பேரினத்தில் வைக்கப்பட்டிருந்த இந்தக் கிருமி, 1992இல் புர்க்ஹோல்டெரியா என்ற பேரினத்துக்கு மாறியது. இப்போது 16எஸ் என்ற மரபணுவின் ஏறக்குறைய 1,500 எழுத்துகளைப் படித்து, தெரிந்த இனங்களுடன் ஒப்பிடுகிறார்கள். ஒற்றுமை 98.7 சதவீதத்துக்குக் கீழே போனால் புதிய இனமாக இருக்கலாம். நெருங்கிய உறவுகளைப் பிரிக்க இது போதாது. முழு மரபணுத்தொகுதியையும் ஒப்பிட வேண்டும். அங்கே எல்லை 95 முதல் 96 சதவீதம். இதன் நெருங்கிய உறவான, மனிதர்களுக்குப் பெரும்பாலும் தீங்கு செய்யாத புர்க்ஹோல்டெரியா தாய்லாந்தென்சிஸ் 1998இல் தனி இனமாகப் பிரிக்கப்பட்டது. அராபினோஸ் சர்க்கரையை அது உண்ணும். மெலியாய்டோசிஸ் கிருமி உண்ணாது.

பெயர் மாறினால் மருந்தும் தவறும்

கல்ச்சர் தட்டில் வளர்ந்ததைச் சூடோமோனாஸ் என்றோ, வெளியிலிருந்து கலந்தது என்றோ ஒதுக்கிவிடும் ஆபத்து உண்டு. ஜென்டாமைசின், கொலிஸ்டின் ஆகிய இரண்டு ஆன்டிபயாட்டிக்குகளுக்கும் மசியாமல் கோ-அமாக்ஸிகிளாவுக்குக் கட்டுப்பட்டால், ஆய்வகம் உடனே சந்தேகப்பட வேண்டும். காசநோய் போலவே இருமலும் எடை குறைவும் காட்டுவதால், காசநோய் மருந்திலேயே மாதங்கள் கழிந்துவிடுவதும் உண்டு.

நீங்கள் செய்ய வேண்டியது

விடாத காய்ச்சலோடு சர்க்கரை நோயும் இருந்தால், சேற்றில் வேலை செய்ததை மருத்துவரிடம் சொல்லுங்கள். ஆன்டிபயாட்டிக் தொடங்கும் முன்பே ரத்தத்தைக் கல்ச்சருக்கு எடுக்க முடியுமா என்று கேளுங்கள். நோய் உறுதியானால் செஃப்டாசிடைம் அல்லது மெரோபெனம் ஊசி குறைந்தது 10 நாள் போடுவார்கள். அதன் பிறகு கோ-டிரைமாக்ஸசோல் மாத்திரை மூன்று மாதமாவது தொடரும். காய்ச்சல் விட்டதும் மாத்திரையை நிறுத்தினால் நோய் திரும்ப வரலாம்.