இழந்த விரலும் எழுதப்படும் குறிப்பும்

அந்தியூர், கவுந்தப்பாடி, பவானி வட்டாரங்களிலிருந்து விரல் துண்டான நிலையில் எங்களிடம் வருவோரில் பலர் வெல்லம் காய்ச்சும் ஆலைக் கொட்டகையிலோ விசைத்தறிக் கூடத்திலோ வேலை செய்பவர்கள். காயம் ஆறிச் சில மாதங்கள் கழித்து அவர்களே செயற்கை விரல் கேட்டு மீண்டும் வருகின்றனர். அப்போது பழைய வெளியேற்றச் சுருக்கத்தை விரித்தால், சில வேளைகளில் "வலது கை நசுங்கிய காயம்" என்ற ஒற்றை வரிதான் இருக்கிறது. மருத்துவர்களாகிய எங்கள் எழுத்தின் குறை அது. அதன் விலையைக் கொடுப்பவரோ நோயாளி.

காரணம் இதுதான். தொழிலாளர் இழப்பீட்டுக்கான சட்ட அட்டவணை கையைக் கணுக்கணுவாக அளக்கிறது. கட்டைவிரல் முழுவதும் போனால் உழைப்புத்திறன் இழப்பு 30 சதவீதம். அதனோடு சேர்ந்த உள்ளங்கை எலும்பும் போனால் 40. நுனிக் கணு மட்டும் எனில் 20. ஆட்காட்டி விரல் முழுவதற்கும் 14, இரண்டு கணுவுக்கு 11, ஒரு கணுவுக்கு 9, எலும்பு போகாமல் நுனி மட்டும் வெட்டுப்பட்டால் 5. சுண்டுவிரல் முழுவதும் போனாலும் 7தான். 40 வயதுத் தொழிலாளி ஒருவரின் மாத ஊதியத்தை 15,000 ரூபாய் எனக் கொண்டு, அதில் 60 சதவீதத்தை வயதுக்குரிய காரணியான 184.17ஆல் பெருக்கினால், 30 சதவீதத்துக்கு 4,97,259 ரூபாயும் 40 சதவீதத்துக்கு 6,63,012 ரூபாயும் வருகின்றன. இடையே நிற்பது ஓர் எலும்பு. அது எக்ஸ்ரேயில் இருந்து, எழுத்தில் இல்லாமல் போனால் 1,65,753 ரூபாய் போயிற்று.

பில்லில் காணப்படும் நோய்க் குறியீடு இதற்குப் போதாது. உலக நலவாழ்வு அமைப்பின் பட்டியலில் எஸ் 68.0 என்பது கட்டைவிரல் துண்டிப்பு, எஸ் 68.1 வேறு ஏதேனும் ஒரு விரல். அது ஆட்காட்டி விரலா, சுண்டுவிரலா என்பதைக் குறியீடு சொல்லாது. ஒன்றுக்கு 14, மற்றதற்கு 7. அமெரிக்காவில் செயற்கைக் கைக்கான பில் குறியீடு வேறு வகையில் கேட்கிறது: கட்டைவிரல் மிஞ்சியிருந்தால் எல் 6000, மோதிர விரலோ சுண்டுவிரலோ மிஞ்சியிருந்தால் எல் 6010, விரலே இல்லையெனில் எல் 6020. போனதை விட்டு இருப்பதைக் கேட்கும் இம்முறை எங்களுக்குப் பிடித்திருக்கிறது. எதிர்நின்று பிடிக்க ஒரு விரல் இருந்தால்தானே செயற்கை விரலுக்கு வேலை!

செயற்கை விரலுக்கான பரிந்துரையிலும் சொல் முக்கியம். அழகுக்கான செலவைப் பல காப்பீட்டு ஒப்பந்தங்கள் ஏற்பதில்லை. கட்டைவிரலுக்கு எதிரே பிடிமானம் தரவோ, கூச்சமுள்ள நுனியைக் காக்கவோ அது தேவைப்பட்டால் அவ்வாறே எழுதுகிறோம். தோற்றத்துக்காக மட்டும் கேட்டால், வேறாக எழுத மாட்டோம்.

எங்களை அதிகம் வருத்துவது வேறொன்று. முதலாளி முதல் நாள் செலவை ஏற்றார் என்பதற்காக, "வீட்டில் விழுந்துவிட்டேன்" என்று சொல்பவர்கள் உண்டு. விபத்துப் பதிவேட்டில் அது ஏறிவிட்டால், பின்னர் இ.எஸ்.ஐ. அலுவலகத்திலோ இழப்பீட்டு ஆணையரிடமோ உண்மையை நிலைநாட்டுவது பெரும்பாடு. நன்றியுணர்வு நல்லதே; அதற்காக எந்திரத்தின் பெயரை மறைக்க வேண்டியதில்லை.

வங்கிக் கணக்கில் ஆண்டுக்கு 20 ரூபாய் பிடிக்கப்படும் விபத்துக் காப்பீடு ஒரு கையின் செயல் முழுவதும் போனால் 1 லட்சம் தரும்; ஒரு விரலுக்குத் தராது. மாற்றுத்திறனாளி அடையாள அட்டைக்கான சதவீதம் தனி அளவுகோலில் கணிக்கப்படுவது. மேலே சொன்ன அட்டவணையின் எண்ணை அங்கே காட்டிப் பயனில்லை. பெரும்பாலான உதவிகளுக்கு அங்கு 40 சதவீதம் வேண்டும். ஒற்றை விரல் இழப்பு பொதுவாக அதை எட்டுவதில்லை.

ஆகவே வீடு திரும்பும் நாளில் சுருக்கத்தைப் படிக்கச் சொல்லிக் கேளுங்கள். எந்தக் கை, எந்த விரல், எந்தக் கணு வரை, எந்த எந்திரத்தில் என்பவை அதில் இருக்க வேண்டும். இல்லையெனில், கையொப்பமிடும் முன் எங்களிடம் திருப்பித் தாருங்கள். இழப்பீட்டு மனுவுக்கு விபத்து நாளிலிருந்து இரண்டு ஆண்டுகளே கெடு. எக்ஸ்ரே படத்தையும் விபத்துப் பதிவேட்டு நகலையும் அதுவரை பத்திரமாக வைத்திருங்கள்.