கசட்டில் இருந்து கான்கிரீட்

இறுதியாண்டு ஆய்வுக்கு என்ன தலைப்பு என்று அம்மா கேட்டபோது, "கழிவுநீர்க் கசட்டுச் சாம்பலைக் கான்கிரீட்டில் சேர்ப்பது" என்றேன். "ச்சீ, வேறு தலைப்பே கிடைக்கவில்லையா?" என்றார். பொறியியல் படிக்காத நண்பர்கள் பலரும் அதையே கேட்டார்கள். அவர்கள் எல்லாருக்கும் சேர்த்து இந்த விளக்கம்.

நாம் வெளியேற்றும் கழிவுநீரின் ஒரு பகுதி புதுநீராகத் திரும்பி வருவதை அறிவோம். அதிலிருந்து பிரிந்த கசடு எங்கே போகிறது என்று யாரும் கேட்பதில்லை. சிங்கப்பூரில் அதை நீர் பிழிந்து எரிக்கிறார்கள். மிஞ்சும் சாம்பல் செமாக்காவ் தீவுக் குப்பை நிலத்துக்குப் போகிறது. 1999இல் செயல்படத் தொடங்கிய அந்த இடம் 2035 வாக்கில் நிரம்பிவிடும் என்பது அரசாங்கத்தின் கணிப்பு. வேறு குப்பை நிலம் நமக்கு இல்லை.

மறுபக்கம் சிமெண்டு. சுண்ணாம்புக்கல்லையும் களிமண்ணையும் ஏறத்தாழ 1450 பாகை செல்சியஸில் சுட்டால்தான் அது கிடைக்கும். எரிபொருள் விடும் கரியமிலவாயுவைவிடச் சுண்ணாம்புக்கல் சிதைந்து விடுவதே அதிகம். உலகக் கரியமிலவாயு வெளியீட்டில் சுமார் 7 முதல் 8 விழுக்காடு சிமெண்டுத் தொழிலைச் சேர்ந்தது. ஆகவே சிமெண்டைக் குறைத்து அந்த இடத்தில் சாம்பலைப் போட்டால் இரண்டு சுமையும் குறையும். இந்த எண்ணம் புதிதன்று. 1987இலேயே பேராசிரியர் டே ஜூ ஹுவா இதைப் பற்றி ஆய்வுக் கட்டுரை வெளியிட்டிருக்கிறார்.

பச்சைக் கசட்டை அப்படியே சேர்க்க முடியாது. அதிலுள்ள கரிமப் பொருள் சிமெண்டை இறுகவிடாது. 800 பாகைக்கு மேல் எரித்த பின் மிஞ்சுவது சிலிக்கா, அலுமினா, இரும்பு ஆக்சைடு, சுண்ணாம்பு, பாஸ்பேட்டு ஆகியவைதான். வாடையும் இல்லை, கிருமியும் இல்லை. (அம்மாவுக்கு இதைச் சொல்லவே ஒரு வாரம் ஆனது.) சிமெண்டு நீருடன் வினைபுரியும்போது கால்சியம் ஹைட்ராக்சைடு உண்டாகிறது. சாம்பலின் சிலிக்கா அதனுடன் மெல்லச் சேர்ந்து மேலும் பிணைப்புப் பொருளைத் தருகிறது. ரோமானியர்கள் எரிமலைச் சாம்பலைச் சுண்ணாம்புடன் கலந்து கட்டியதும் இதே வினையை நம்பித்தான்.

ஏட்டில் இவ்வளவு எளிது. நான் முதலில் சிமெண்டில் 20 விழுக்காட்டுக்குப் பதிலாகச் சாம்பலைப் போட்டேன். சரிவுச் சோதனைக்காகக் கூம்பைத் தூக்கியதும் கலவை சற்றும் சரியாமல், குழாயிலிருந்து தள்ளிய புட்டுபோல் நின்றது. நிலக்கரிச் சாம்பலின் துகள்கள் உருண்டையானவை, வழுக்கிச் செல்லும். கசட்டுச் சாம்பலின் துகள்களோ கரடுமுரடானவை; துளைகள் நிறைந்தவை; நீரைக் குடித்துவிடும். அவசரப்பட்டு மேலும் நீர் ஊற்றினேன். மறுநாள் காலை அச்சைக் கழற்றியபோது கனசதுரத்தின் மூலை கையோடு வந்துவிட்டது. நீர் கூடினால் வலிமை குறையும் என்பது முதலாண்டுப் பாடம்! பாஸ்பேட்டும் துத்தநாகமும் இறுகுவதைத் தாமதப்படுத்தும் என்பதைப் பிறகுதான் படித்தேன்.

அடுத்த முறை சாம்பலை நன்றாக அரைத்து, அளவை 10 விழுக்காடாகக் குறைத்து, நீரைக் கூட்டாமல் நெகிழ்வூட்டும் வேதிப்பொருளைச் சேர்த்தேன். ஏழாம் நாள் சற்றுப் பின்தங்கியது. 28ஆம் நாள் சாதாரணக் கான்கிரீட்டை நெருங்கிவிட்டது. மற்றவர்கள் செய்த ஆய்வுகளும் பெரும்பாலும் இதையே காட்டுகின்றன: 10 விழுக்காடு வரை பெரிய இழப்பில்லை, 20ஐத் தாண்டினால் வலிமை சரிகிறது. கன உலோகங்கள் கசிகின்றனவா என்றும் சோதிக்க வேண்டும். தொழிற்சாலைக் கழிவு கலந்த கசடாக இருந்தால் இது தட்டிக்கழிக்க முடியாத சோதனை. அதனால் தூண்களைவிட நடைபாதைக் கற்களில் தொடங்குவதே நல்லது என்பேன்.

இன்னொரு சிக்கலை நான் ஆய்வை முடித்த பிறகுதான் உணர்ந்தேன். சாம்பலிலுள்ள பாஸ்பரஸ் பயிர்களுக்கு உரம். கான்கிரீட்டில் போட்டுவிட்டால் அது நிரந்தரமாகப் பூட்டப்பட்டுவிடும். ஜெர்மனி 2017இல் இயற்றிய விதிப்படி, 2029 முதல் பெரிய சுத்திகரிப்பு நிலையங்களின் கசட்டிலிருந்து பாஸ்பரஸை மீட்டாக வேண்டும். முதலில் அதை எடுத்துவிட்டு, மிஞ்சுவதைக் கான்கிரீட்டுக்குக் கொடுப்பதே முறை என்று இப்போது நினைக்கிறேன். ஆனால் அந்த மிச்சத்தின் வேதியியல் வேறு. கலவை விகிதத்தை முதலிலிருந்து மறுபடியும் சோதித்துப் பார்க்க வேண்டியிருக்கும்.