பத்தியம் பலித்ததா, மலத்தைக் கேளுங்கள்

1924-ல் நியூயார்க்கைச் சேர்ந்த சிட்னி ஹாஸ் என்ற குழந்தை மருத்துவர், தான் பார்த்த பத்துக் குழந்தைகளைப் பற்றி ஒரு கட்டுரை எழுதினார். பத்தும் சீலியாக் என்ற குடல் நோய் வந்த குழந்தைகள். வயிறு உப்பி, கைகால் குச்சியாக மெலிந்து, ஓயாத வயிற்றுப்போக்கு. அவற்றில் எட்டுக் குழந்தைகளுக்கு ரொட்டி, பிஸ்கட், உருளைக்கிழங்கு, தானியம் எல்லாவற்றையும் நிறுத்திவிட்டு வாழைப்பழத்தை முக்கிய உணவாகக் கொடுத்தார். எட்டும் தேறின. அந்தப் பத்தியத்தில் இல்லாத மற்ற இரண்டும் இறந்துபோயின.

அதற்குப் பிறகு பல வருஷங்களுக்கு அமெரிக்காவில் சீலியாக் என்றால் வாழைப்பழம்தான் மருந்து. மாவுச்சத்தைச் செரிக்க முடியாததுதான் நோய், வாழைப்பழத்துக்கு அதில் தனிச் சக்தி உண்டு என்று ஹாஸ் நம்பினார். சிகிச்சை வேலை செய்தது, விளக்கம்தான் தப்பு. குழந்தைகளைக் காப்பாற்றியது தட்டில் சேர்ந்த பழம் அல்ல, தட்டை விட்டுப் போன கோதுமை. இது தெரியாததால், தேறிய குழந்தைகளைக் குணமானவர்கள் என்று சொல்லி மறுபடி ரொட்டி சாப்பிட விட்டார்கள். வெளியே தெரியாமல் குடல் மீண்டும் கெட ஆரம்பித்தது.

கோதுமையைக் கையும் களவுமாகப் பிடித்தவர் வில்லெம் டிக்கே என்ற டச்சு மருத்துவர். ஹேக் நகரத்து ஜூலியானா குழந்தைகள் மருத்துவமனையில் 1930-களிலேயே அவருக்குக் கோதுமை மேல் சந்தேகம் இருந்தது. 1944-45 குளிர்காலத்தில் ஜெர்மனியின் பிடியில் இருந்த நெதர்லாந்துக்கு உணவு வரத்து நின்றது. சனங்கள் துலிப் கிழங்கைத் தின்று உயிர் பிழைத்தார்கள். ஊரே வற்றிப்போன அந்தப் பஞ்சத்தில் சீலியாக் குழந்தைகள் தேறினார்கள். ரொட்டி திரும்பி வந்ததும் நோயும் திரும்பி வந்தது. இதோடு விட்டிருந்தால் டிக்கேயும் இன்னொரு ஹாஸாகத்தான் இருந்திருப்பார். அவர் விடவில்லை. வான் டெ காமர் என்ற வேதியியலாளரையும் வெயர்ஸ் என்ற மருத்துவரையும் சேர்த்துக்கொண்டு, ஒவ்வொரு தானியமாகக் கொடுத்துப் பார்த்து, குழந்தைகளின் மலத்தைச் சேகரித்து, உடலில் சேராமல் வெளியேறும் கொழுப்பு எவ்வளவு என்று அளந்தார். கோதுமை கொடுத்தால் கொழுப்பு எகிறியது. அரிசி கொடுத்தால் எகிறவில்லை. 1950-ல் இதையே தன் முனைவர் பட்ட ஆய்வாக எழுதினார்.

ஹாஸ் குழந்தையின் முகத்தைப் பார்த்தார். டிக்கே மலத்தை அளந்தார். நாள்பட்ட குடல் நோய்க்காகப் பத்தியம் பிடிக்க நினைக்கிறவர்கள் இந்த வித்தியாசத்தைக் கவனிக்க வேண்டும். ஏனென்றால், ஹாஸ் போட்ட பட்டியல் இன்றைக்கும் நடமாடிக்கொண்டிருக்கிறது, வேறு ஒரு நோய்க்கு.

அது நடந்த கதை இது. 1958-ல் எலைன் காட்ஷால் என்ற தாய், பெருங்குடலில் புண் வந்து ரத்தமாகப் போய்க்கொண்டிருந்த எட்டு வயது மகளை ஹாஸிடம் கூட்டிப்போனார். அப்போது ஹாஸுக்குத் தொண்ணூறை நெருங்கும் வயது. அந்தச் சிறுமிக்கு இருந்தது சீலியாக் அல்ல, அல்சரேட்டிவ் கொலைட்டிஸ். ஆனாலும் ஹாஸ் தன் பழைய பத்தியத்தையே கொடுத்தார். மகள் தேறினாள் என்று சொன்னார் தாய். அதன்பின் அவர் நடுத்தர வயதில் கல்லூரிக்குப் போய் உயிரியல் படித்து, 1987-ல் ஒரு புத்தகம் எழுதினார். ‘பிரேக்கிங் தி விஷஸ் சைக்கிள்’ என்ற பெயரில் பின்னால் வந்த அதன் பதிப்புகள் லட்சக்கணக்கான கைகளுக்குப் போய்ச் சேர்ந்தன. ஸ்பெசிஃபிக் கார்போஹைட்ரேட் டயட், சுருக்கமாக எஸ்.சி.டி., என்று க்ரோன் என்ற இன்னொரு குடல் நோய் வந்தவர்களும் கொலைட்டிஸ் நோயாளிகளும் இன்று பின்பற்றுவது அதைத்தான்.

அதன் கட்டுப்பாடு சாதாரணமானது அல்ல. ஒற்றைச் சர்க்கரை மட்டுமே உள்ளே போகலாம், இரண்டு மூன்று சேர்ந்த சர்க்கரைகளும் மாவுச்சத்தும் கூடாது. ஆகவே தேன் சரி, சீனி கூடாது. அரிசி, கோதுமை, சோளம், ஓட்ஸ், உருளைக்கிழங்கு, சர்க்கரைவள்ளி, மரவள்ளி, ஜவ்வரிசி எதுவும் கிடையாது. நம் வீட்டுக் கணக்கில் சொன்னால், இட்லி, தோசை, சோறு, உப்புமா மொத்தமும் போயிற்று. முதல் சில நாட்கள் இன்னும் கடுமை. கோழிக்காலையும் தோல் சீவிய காரட்டையும் வெங்காயம், செலரியோடு நாலு மணி நேரம் சிறு தீயில் கொதிக்கவிட்டு, வடித்து, வெங்காயத்தையும் செலரியையும் எறிந்துவிட்டு, காரட்டை மட்டும் மசித்துச் சாற்றில் கலந்து குடிக்க வேண்டும். அதோடு முட்டை, வீட்டில் தோய்த்த தயிர். தயிர் என்றால் நாம் ராத்திரி உறை ஊற்றிக் காலையில் எடுப்பது அல்ல. இருபத்து நாலு மணி நேரம் இதமான சூட்டில் வைத்திருந்து, பாலில் உள்ள லாக்டோஸைப் பாக்டீரியா ஏறக்குறைய முழுக்கத் தின்று தீர்த்த பிறகு எடுக்கும் கடும்புளிப்புத் தயிர்.

செரிக்காத சர்க்கரை கீழே இறங்கிப் பாக்டீரியாவுக்குத் தீனியாகிறது, அது பெருகிக் குடலின் உட்சுவரைக் கெடுக்கிறது, கெட்ட குடலில் செரிமானம் இன்னும் குறைகிறது என்று காட்ஷால் விளக்கினார். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. வாழைப்பழ விளக்கமும் அப்படித்தான் இருந்தது.

இங்கே நோய்களைக் கொஞ்சம் பிரித்துக்கொள்வோம். சீலியாக்கில் குற்றவாளி ஒன்றே ஒன்று, கோதுமை வகைத் தானியங்களில் இருக்கும் குளூட்டன். அதை வாழ்நாள் முழுக்க விட்டால் குடல் ஆறிவிடும். க்ரோன் நோய் அப்படி இல்லை. 1932-ல் நியூயார்க் மவுண்ட் சைனாய் மருத்துவமனையின் பரில் க்ரோன், கின்ஸ்பர்க், ஓப்பன்ஹைமர் மூவரும் அதைத் தனி நோயாக விவரித்ததிலிருந்து இன்று வரை, இதை நிறுத்தினால் போதும் என்று ஒரு உணவுப் பொருள் அகப்படவில்லை. பரம்பரை, குடல் பாக்டீரியா, தப்பாகச் சண்டை போடும் நோய் எதிர்ப்புச் சக்தி, வாழும் சூழல் எல்லாம் சேர்ந்த கூட்டுச்சதி அது. அழற்சியால் குடல் சுவர் தடித்துச் சுருங்கும். சிலருக்கு ஓட்டை விழும். க்ரோன், அல்சரேட்டிவ் கொலைட்டிஸ் போன்ற நோய்களுக்கு ஐ.பி.டி. என்று பொதுப் பெயர். வயிறு உப்புசமும் வலியும் மட்டும் படுத்தும், குடலில் புண் எதுவும் இல்லாத ஐ.பி.எஸ். வேறு. கடைசி எழுத்து ஒன்றுதான் மாறுகிறது என்பதால் பாதிப் பேர் இரண்டையும் குழப்பிக்கொள்கிறார்கள். ஒன்றுக்குச் சொன்ன பத்தியத்தை மற்றதற்குப் பிடிக்கிறார்கள்.

எஸ்.சி.டி.யை ஒழுங்காகச் சோதிக்க 2021 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தின் ஜேம்ஸ் லூயிஸ் தலைமையில், க்ரோன் நோயால் மிதமான தொல்லைகள் இருந்த 194 பெரியவர்களைக் குலுக்கல் முறையில் இரண்டாகப் பிரித்தார்கள். ஒரு பாதிக்கு எஸ்.சி.டி.; மறுபாதிக்கு ஆலிவ் எண்ணெய், காய்கறி, பருப்பு, முழுத் தானியம், மீன் என்று மத்தியதரைக் கடல் பக்கத்துச் சாப்பாடு. முதல் ஆறு வாரம் சமைத்த உணவே வீடு தேடி வந்தது. முடிவில் தொல்லைகள் அடங்கியவர்கள் எஸ்.சி.டி.யில் 46.5 சதவீதம், மத்தியதரை உணவில் 43.5 சதவீதம். கணக்கில் இது வித்தியாசமே அல்ல. ரொட்டியும் பருப்பும் சாப்பிட்டவர்களும், எல்லாவற்றையும் துறந்தவர்களும் ஒரே இடத்தில் வந்து நின்றார்கள். வழக்கமான சாப்பாட்டிலேயே இருந்த மூன்றாவது குழு இந்த ஆய்வில் கிடையாது. ஆகவே இந்த நலத்தில் உணவின் பங்கு எவ்வளவு, நம்பிக்கையின் பங்கு எவ்வளவு என்று பிரிக்க முடியாது.

அதே ஆய்வில் என் கண்ணில் பட்ட எண்கள் வேறு. குடலில் அழற்சி இருந்தால் வெள்ளை அணுக்கள் அங்கே குவியும். அவற்றிலிருந்து கால்புரோடெக்டின் என்ற புரதம் மலத்தில் கலக்கும். டிக்கே அளந்த கொழுப்பின் இடத்தில் இன்று இருப்பது இதுதான். ஆரம்பத்தில் அது உயர்ந்திருந்தவர்களில் மூன்றில் ஒரு பங்கினருக்கு மட்டுமே நல்ல இறக்கம் தெரிந்தது: எஸ்.சி.டி.யில் 34.8, மத்தியதரை உணவில் 30.8 சதவீதம். ரத்தத்தில் அழற்சியைக் காட்டும் சி.ஆர்.பி. சீரானவர்கள் இரண்டு பக்கமும் நூற்றுக்கு ஐந்தாறு பேர்கூடத் தாண்டவில்லை. வயிறு இதமாக இருப்பதும் குடல் ஆறுவதும் ஒன்றல்ல. மாவையும் பாலையும் குறைத்தால் வாயு குறையும், வலி குறையும், ஐ.பி.எஸ். நோயாளிகளுக்கென்று 2005-ல் ஆஸ்திரேலியாவின் மோனாஷ் பல்கலைக்கழகத்தில் உருவான ஃபோட்மேப் பத்தியம் செய்வதும் அதைத்தான். உள்ளே புண் மட்டும் அப்படியே இருக்கலாம். தொல்லை தீர்ந்தது என்று மாத்திரையை நிறுத்துகிறவர் மாட்டிக்கொள்வது இங்கேதான்.

அதற்காக, உணவால் ஆவது ஒன்றுமில்லை என்று கையை விரிக்கும் மருத்துவரும் சரி அல்ல. க்ரோன் நோய் வந்த குழந்தைகளுக்கு ஆறிலிருந்து எட்டு வாரம் மருத்துவ ஊட்டச்சத்துப் பானம் மட்டுமே கொடுத்தால், பெரும்பாலோருக்கு நோய் அடங்குகிறது, குடல் புண்ணும் ஆறுகிறது. ஐரோப்பாவில் குழந்தைகளுக்கு முதலில் பரிந்துரைப்பதே இதைத்தான். ஆனால் வேளாவேளைக்கு அதே பானம்! இரண்டு மாதம் எந்தப் பிள்ளை குடிக்கும்? இஸ்ரேலின் ஆரி லெவின் குழுவினர் பாதிப் பானம், பாதிச் சாப்பாடு என்று ஒரு முறையைக் கொண்டுவந்து 2019-ல் முடிவை வெளியிட்டார்கள். பிள்ளைகளில் 97.5 சதவீதம் பேர் அதைத் தாக்குப்பிடித்தார்கள். வெறும் பானத்தில் 73.6 சதவீதம். பன்னிரண்டாம் வாரத்தில் ஸ்டீராய்டு இல்லாமல் நோய் அடங்கியிருந்தவர்கள் 75.6 சதவீதம், மற்ற குழுவில், அதாவது ஆறு வாரப் பானத்துக்குப் பிறகு வழக்கமான சாப்பாட்டுக்குத் திரும்பியவர்களில், 45.1 சதவீதம்.

இந்த இஸ்ரேல் பத்தியத்தில் கோழி நெஞ்சுக்கறி, முட்டை, வாழைப்பழம், ஆப்பிள் இவற்றோடு உருளைக்கிழங்கும் தினம் கட்டாயம். எஸ்.சி.டி.யில் உருளைக்கிழங்கு பெயரைச் சொன்னாலே பாவம். இரண்டு பத்தியக்காரர்களும் ஒரே பந்தியில் உட்கார்ந்தால் அடிதடிதான். இரண்டுக்கும் பொதுவாக இருப்பது கடையில் பாக்கெட்டில் வரும் உணவைத் தள்ளியது. அதில் சேர்க்கும் சில குழம்பாக்கிகள், குறிப்பாகக் கார்பாக்ஸிமெத்தில் செல்லுலோஸும் பாலிசார்பேட் 80-ம், எலிகளின் குடலைப் பாதுகாக்கும் சளிப்படலத்தை மெலிய வைத்து அழற்சியைத் தூண்டுவதாக 2015-ல் அமெரிக்க ஆய்வாளர்கள் காட்டினார்கள். எலிக்கு நடந்தது மனிதருக்கும் அப்படியே நடக்கும் என்று சொல்லிவிட முடியாது. இருந்தாலும், எதைத் தள்ளியதால் பலன் என்ற பழைய கேள்விக்கு மாவுச்சத்தைவிட இது பொருத்தமான பதிலாக எனக்குப் படுகிறது.

இனி, பத்தியத்தின் விலை. க்ரோன் நோயாளிகள் பலர் ஏற்கெனவே எடை குறைந்தவர்கள். சிறுகுடலின் கடைசிப் பகுதி கெட்டிருந்தால் பி12 உடலில் சேராது. ரத்தக் கசிவால் இரும்புச்சத்து போகும். இதன் மேல் சோற்றையும் நிறுத்தி, ஈடாக எதுவும் சேர்க்காவிட்டால் நோயைவிடப் பத்தியமே ஆளைக் கரைத்துவிடும். வளரும் பிள்ளைக்கு உயரமே நின்றுபோகலாம். குடல் சுருங்கிப் போனவர்கள் நல்லது என்று நினைத்துப் பச்சைக் காய்கறியையும் கொட்டைகளையும் அள்ளித் தின்றால் அடைத்துக்கொண்டு அவசர அறுவை சிகிச்சையில் முடியும். இன்னொன்று, யாரும் பேசாதது: பட்டியல் சுருங்கச் சுருங்கச் சாப்பாட்டைக் கண்டாலே பயம் வருவது. கல்யாண வீட்டுக்குப் போக மாட்டார், வெளியூர் போக மாட்டார், ஒரு வாய் கூடுதலாகச் சாப்பிட்டுவிட்டால் ராத்திரி தூங்க மாட்டார்.

இந்தியாவில் இன்னொரு சிக்கல் உண்டு. குடல் காசநோயும் க்ரோன் நோயும் ஒரே மாதிரி வேஷம் போடும். இரண்டும் சிறுகுடலும் பெருங்குடலும் சேரும் இடத்தைப் பிடிக்கும். காய்ச்சல், எடைக் குறைவு, வலது அடிவயிற்று வலி இரண்டிலும் வரும். சதைத்துணுக்குச் சோதனைகூடச் சில நேரம் கைவிட்டுவிடும். நோய் எது என்று முடிவாகாமல் பத்தியம் தொடங்குகிறவர், காசநோயோடு மாதக்கணக்கில் காரட் சூப் குடித்துக்கொண்டிருக்க வாய்ப்பு உண்டு.

நம் பெரியவர்கள் சொன்ன பத்தியத்துக்கு நாள் கணக்கு உண்டு, கூடவே மருந்தும் உண்டு. அந்த இரண்டு நிபந்தனையும் இங்கேயும் பொருந்தும். தொடங்கும் முன் எடை, ஹீமோகுளோபின், பி12, வைட்டமின் டி, சி.ஆர்.பி., கால்புரோடெக்டின் எல்லாம் எடுத்து எழுதி வைத்துக்கொள்ளுங்கள். மாத்திரையை நிறுத்தாதீர்கள். எதை விடுகிறோமோ அதற்குப் பதில் என்ன என்று உணவியல் நிபுணரிடம் முதலிலேயே கேளுங்கள். நெய், எண்ணெய், முட்டை, மீன் என்று கலோரி எங்கிருந்தாவது வந்தாக வேண்டும். கடைசி நாளையும் காலண்டரில் குறித்துவிடுங்கள். ஆறிலிருந்து எட்டு வாரம் போதும். அன்று மறுபடி மலப் பரிசோதனை. எண் நன்றாக இறங்கியிருந்தால், விட்ட உணவுகளை ஒவ்வொன்றாகத் திரும்பச் சேர்த்து, எது உண்மையில் ஒத்துக்கொள்ளவில்லை என்று பாருங்கள். இறங்கவில்லை என்றால் மருத்துவரிடம் அடுத்த மருந்தைப் பற்றிப் பேச வேண்டும். ரசம் சாதத்தை மறிக்க அதற்கு மேல் காரணம் எதுவும் இல்லை.