உங்களுக்குத் தெரியுமா? எண்ணெய் தோற்கும் இடத்தில் கிராஃபைட்

● பென்சில் முனையை விரலில் தேய்த்தால் வழுவழுக்கும் அந்தக் கறுப்புதான் கிராஃபைட். கார்பன் அணுக்கள் தாள்தாளாக அடுக்கியிருக்கும். ஒரே தாளுக்குள் பிணைப்பு வலுவானது. தாளுக்கும் தாளுக்கும் இடையே பிடிப்பு மிகக் குறைவு. அதனால் உரசலில் தாள்கள் நழுவிக்கொள்ள, உலோகம் தேயாமல் தப்புகிறது.

● இயற்கைக் கிராஃபைட்டில் மூன்று வகை உண்டு. சிவகங்கையில் கிடைப்பது செதில் வகை. இலங்கையின் பொகல சுரங்கத்தில் கிடைப்பது பாறைப் பிளவுகளில் கட்டியாகப் படிந்த, மிகத் தூய வகை. மூன்றாவதான அமார்ஃபஸ் வகைக்குப் பூர்வீகம் நிலக்கரி! பாறைக்குழம்பின் வெப்பத்தில் நிலக்கரிப் படிவு வெந்து மாறியது அது. மெக்சிகோவின் சொனோரா மாநிலம் இதற்குப் பேர்போனது.

● ‘அமார்ஃபஸ்’ என்றாலும் இதுவும் படிகம்தான். படிகங்கள் மிகப் பொடியானவை, அவ்வளவே. கார்பன் பெரும்பாலும் 70 முதல் 85 சதவீதம்; மிச்சம் சாம்பல். அந்தச் சாம்பலில் குவார்ட்ஸ் இருந்தால் மசகே அரமாகிவிடும். ஆகவே நுட்பமான பேரிங்குகளுக்குத் தூய வகை. வார்ப்பட அச்சுப் பூச்சு, பிரேக் லைனிங், முரட்டு வேலைக்கான கிரீஸ் ஆகியவற்றுக்கு விலை மலிவான அமார்ஃபஸ்.

● ஃபோர்ஜிங் பட்டறையில் இரும்பு சுமார் 1,200 டிகிரி செல்சியஸில் தகதகக்கும். எண்ணெய் அங்கே பற்றி எரியும். கிராஃபைட் கலந்த நீரை அச்சின்மேல் பீய்ச்சினால் நீர் ஆவியாகி, கறுப்புப் படலம் மட்டும் ஒட்டிக்கொள்ளும். அடித்து முடித்த இரும்பு அச்சில் ஒட்டாமல் கழன்று வரும். காற்றில் சுமார் 450 டிகிரிக்கு மேல் கிராஃபைட்டும் மெல்ல எரியத் தொடங்கும். அதனால் மறுபடி மறுபடி பீய்ச்ச வேண்டும்.

● கிராஃபைட் தூள் நீரில் அடியில் தங்கிவிடும். டானின் சேர்த்தால் மிதந்தபடியே நிற்கும் என்று 1906-இல் கண்டவர் அமெரிக்கர் எட்வர்ட் அச்செசன். அந்தக் கலவை ‘அக்வாடாக்’ என்ற பெயரில் விற்பனைக்கு வந்தது. டங்ஸ்டன் கம்பி இழுக்கவும் அது பயன்பட்டது.

● இரண்டாம் உலகப் போரில் மிக உயரத்தில் பறந்த விமானங்களின் ஜெனரேட்டர்களில் கிராஃபைட் கலந்த கார்பன் பிரஷ்கள் சீக்கிரமே பொடிப்பொடியாகத் தேய்ந்தன. அங்கே காற்றில் ஈரம் இல்லாததே காரணம். நீராவி போன்றவை ஒட்டியிருந்தால்தான் கிராஃபைட் நன்றாக வழுக்கும். அதனால் வெற்றிடத்தில் இயங்கும் விண்கலப் பாகங்களுக்கு மசகாக மாலிப்டினம் டைசல்பைடு.

● பூட்டுக்குள் எண்ணெய் விட்டால் தூசி ஒட்டிப் பிசுக்காகும். கிராஃபைட் தூளைச் சிறிது ஊதிவிட்டால் சாவி லகுவாகத் திரும்பும். ஆனால் ஈரம் படும் அலுமினியப் பொருளில் வேண்டாம்: கிராஃபைட்டும் அலுமினியமும் சேர்ந்து மின்கலம்போல் வேலை செய்து, அலுமினியம் அரித்துப்போகும்.