நோட்டு யார் கையில்?

சீட்டுப் போடும் சகோதரிகளுக்கெல்லாம் ஒரு கவலை உண்டு. வேப்பம்பட்டு ஸ்டேஷனில் காலை மின்சார ரயிலுக்குக் காத்திருக்கும்போது கூட அந்தப் பேச்சுத்தான். "நோட்டு ஒருத்தி கையில் இருக்கிறதே! அவள் ஒரு வரியை அழித்து எழுதினால் யாரைப் போய்க் கேட்பது?"

இதற்கு மருந்து இருக்கிறது என்று உங்கள் பிள்ளை கைப்பேசியைக் காட்டிச் சொல்லியிருப்பான். பிளாக்செயின் என்று அதற்குப் பெயர். ஒரே கணக்கு ஆயிரக்கணக்கான கணினிகளில் இருக்கும். ஒருவர் திருத்தினால் மற்றவர்கள் ஒப்பமாட்டார்கள். "முதலாளியே கிடையாது அம்மா, தைரியமாகப் பணம் போடலாம்" என்கிறான். போடுமுன் சற்று விசாரித்துப் பார்ப்போமா?

எத்தீரியம் என்ற வலையில் 2022 செப்டம்பர் 15 முதல் ஜாமீன் முறை நடக்கிறது. குறைந்தது 32 ஈதர் நாணயம் ஜாமீன் கட்டினால் நீங்களும் கணக்குச் சரிபார்ப்பவர் ஆகலாம். 12 விநாடிக்கு ஒரு தடவை குலுக்கல். பெயர் வந்தவர் அடுத்த பக்கத்தை எழுதுவார். மற்றவர்கள் சாட்சி சொல்வார்கள். ஒரே பக்கத்தை இரண்டு விதமாக எழுதி ஏமாற்றினால் ஜாமீனில் கை வைத்துவிடுவார்கள்.

இது நமக்குப் புதிதல்லவே! உத்திரமேரூர்க் கோயில் சுவரில் முதலாம் பராந்தக சோழர் காலத்துக் கல்வெட்டுகள் இருக்கின்றன. ஆண்டு 919, 921. ஊரில் 30 குடும்புகள். கால் வேலிக்கு மேல் வரி கட்டும் நிலமும், சொந்த மனையில் வீடும் உள்ளவர் பெயரை ஓலையில் எழுதிக் குடத்தில் இடுவார்கள். ஒரு சிறுவன் எடுப்பான். முன்பு பதவியிலிருந்து கணக்குக் காட்டாதவருக்கும், அவர் உறவினருக்கும் குடத்தில் இடமில்லை!

ஆனால் ஒரு வித்தியாசம். அங்கே நிலம் எவ்வளவு இருந்தாலும் ஒருவருக்கு ஓர் ஓலைதான். இங்கேயோ 3,200 நாணயம் வைத்திருப்பவருக்கு நூறு ஓலை! ஆகவே ஓலைகளை எண்ணினால் போதாது. அவற்றை இட்ட கைகளை எண்ண வேண்டும். லிடோ என்ற அமைப்பு சிறு தொகைகளைத் திரட்டி ஜாமீன் கட்டுகிறது. 2023-ல் எத்தீரியத்தின் மொத்த ஜாமீனில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு அதன் வழியாக வந்தது. அந்த வேலையை அது பல நிறுவனங்களுக்குப் பகிர்ந்து கொடுத்தது என்றாலும், விவரம் தெரிந்தவர்கள் கவலைப்பட்டார்கள். காரணம், மூன்றில் ஒரு பங்குக்கு மேல் ஒத்துழைக்க மறுத்தால் கணக்கை முடிவு செய்ய முடியாது.

இன்னொரு சங்கதி கேளுங்கள். சொலானா என்பதும் இத்தகைய வலையே. 2022 நவம்பரில் ஹெட்ஸ்னர் என்ற ஜெர்மன் கணினி வாடகை நிறுவனம், "எங்கள் கணினிகளில் இந்த வேலை கூடாது" என்று நிறுத்திவிட்டது. ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு ஜாமீன் ஒரே நாளில் ஓய்ந்தது! மூன்றில் ஒரு பங்கை எட்டாததால் வலை பிழைத்தது. ஆட்கள் பலர், ஆனால் அத்தனை பேரும் குடியிருந்தது ஒரே வீட்டுக்காரரிடம்!

ஆகவே பிள்ளையிடம் மூன்று கேள்வி கேளுங்கள். ஜாமீன் எத்தனை பேர் கையில்? கணினிகள் எத்தனை பேர் இடத்தில்? எல்லாரும் ஒரே மென்பொருளை நம்பியிருக்கிறார்களா? மூன்றுக்கும் நல்ல பதில் வந்தாலும், கடைசியாக ஒன்று: நோட்டு பத்திரமாக இருப்பது வேறு, அதில் எழுதிய பணத்தின் மதிப்பு நாளைக்கும் நிலைத்திருப்பது வேறு. அதற்கு எந்தக் குடவோலையும் ஜாமீன் நிற்காது!